தண்ணீர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட தலைவர்

எங்கள் நிலவியல் துறையில் துளை போடும் வேலையை இப்போது ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டார்களாம். குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே பாறையைக் குடைகிறார்களாம். கையில் கிரீஸ்கூட ஒட்டாதாம். பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. அதற்குக் கீழே, என்னிடம் வேலை பழகிய ஒருவர், மேல்கல்பட்டுத் தலைவர் கதையை ஒருமுறை ஒழுங்காக எழுதி வையுங்கள், வாய்ப்பேச்சாகவே போனால் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள் என்று கேட்டிருந்தார். இப்போதே யாரும் நம்புவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

நான் ஆரணிக்காரன், பட்டு நெசவுக் குடும்பம். என் அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து சம்பாதித்தார். நான் ஊர் ஊராகக் குழி தோண்டிச் சம்பாதித்தேன். குலத்தொழிலை விட்டுவிட்டான் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. கலாசியாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்து, குழாய் தூக்கி, திட்டு வாங்கி, தொழில் பழகி, கடைசியில் துளை எந்திரத்தின் ஃபோர்மேன் ஆனேன். நடுவில் நடந்தவை எல்லாருடைய உத்தியோகத்திலும் நடப்பவைதான்: கூடாரத்தில் பாம்பு, சம்பளம் தாமதம், பெண் பிறந்த செய்தி ஒரு வாரம் கழித்து வந்தது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் கிணறு வெட்டுகிறவனுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவனுக்குத் தண்ணீர் வேண்டும். எங்களுக்குக் கல் வேண்டும். வைரப்பொடி பதித்த பல்லைக் குழாயின் நுனியில் மாட்டிச் சுழற்றுவோம். அது பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் மிஞ்சும் கல், உலக்கைத் துண்டு மாதிரி உருளையாக மேலே வரும். அதற்கு நாங்கள் கோர் என்று பேர் வைத்திருக்கிறோம். மேலே வந்த துண்டுகளை வந்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கி, எந்த ஆழத்தில் வந்தது என்று பெயிண்டால் எழுத வேண்டும். ஒரு துண்டு தலைகீழாகப் போனால் போச்சு, அந்தப் பெட்டி முழுக்கப் பொய்.

எங்கள் அதிகாரி நரசிம்மன் சார் நிலவியலாளர். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கல் மேலே வந்ததும் அதை வாங்கி, நாக்கால் ஒரு நக்கு நக்குவார். ஈரமானால்தான் கல்லின் மணிகள் கண்ணுக்குத் தெரியும். பார்க்கிற ஊர்க்காரர்கள், பாவம் சாப்பாடு சரியாகப் போடவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். கோபப்பட மாட்டார். கலாசியைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "எப்படித் தெரியும்?" என்பார். "சார், மழை வரப்போகுது." "எப்படித் தெரியும்?" "சார், சாப்பாடு ரெடி." "எப்படித் தெரியும்?" எங்கள் சமையல்காரர் ஒருவர் இந்தக் கேள்வி தாங்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. அணு உலைகளில் எரித்து முடித்த கழிவைப் பூமிக்கடியில் ஆழத்தில் புதைத்து வைக்க எப்படிப்பட்ட பாறை தோதுப்படும் என்று ஓர் ஆய்வு. பல இடங்களில் துளை போட்டுப் பார்க்க வேண்டும். பாறை விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். முக்கியமாக, தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் ஓடினால் கழிவும் ஒருநாள் அதோடு ஓடிவிடும். இந்தத் துளைகளில் ஒன்று சந்தவாசலிலிருந்து ஆரணி வருகிற வழியில் உள்ளே தள்ளியிருக்கும் மேல்கல்பட்டில் விழுந்தது. அங்கே மேலே பாறை, கீழேயும் பாறை. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த ஊராட்சி மன்றத் தலைவர் ஏகாம்பரம் ஆரணியில் பட்டுக் கடை வைத்திருந்தார். மேல்கல்பட்டில் வீட்டுக்கு வீடு தறி. அந்தத் தறிகளுக்கெல்லாம் பட்டு நூலும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் கொடுத்து, சேலையாக வாங்கிக்கொள்கிற முதலாளி அவர்தான். ஓட்டும் அவருக்கு, சேலையும் அவருக்கு. ஊரில் அவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் அடுத்த பாவு வராது.

இந்த மாதிரி ஆய்வு என்று போனால் மற்ற ஊர்களில் கல்லெடுத்து அடிப்பார்கள். இவர் எங்களை மேளம் வைத்து வரவேற்றார். சாருக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். சார் பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது வெறும் ஆய்வுதான், எதுவும் முடிவாகவில்லை என்று நாலு தடவை சொன்னார். தலைவர் என்னிடம் திரும்பி, சார் ரொம்ப அடக்கமானவர் என்று மெச்சினார்.

அன்று கோயில் வாசலில் மைக் பிடித்து அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். "பக்கத்து ஒன்றியத்துக்குத் தொழிற்பேட்டை வந்துச்சி. அதுக்கு அடுத்த ஒன்றியத்துக்குக் காலேஜு வந்துச்சி. நமக்கு இன்னா வந்துச்சி? கொசுதான் வந்துச்சி. இப்போ மத்திய சர்க்காரே நம்மள தேடி வந்துகினு இருக்குது. கழிவுன்னு யாரும் மூஞ்ச சுளிக்காதீங்க. அத்த எத்தினி ஆயிரம் வருஷம் காவல் காக்கணும் தெரியுமா? அத்தினி ஆயிரம் வருஷமும் வாட்ச்மேன் வேலை நம்ம ஊருக்குத்தான். புள்ளைக்கு, பேரனுக்கு, பேரனோட பேரனுக்கு. சர்க்கார் வேலை, பென்ஷனோட."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாளே என் கூடாரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் தன் மருமகள் முழுகாமல் இருப்பதாகவும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு இப்போதே பேர் பதிந்து வைக்க முடியுமா என்றும் கேட்டார். பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "பொம்பளை வாட்ச்மேன் இல்லீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

நாங்கள் துளை போட்ட இடத்துக்கு ஒட்டினாற்போல் கஸ்தூரி வீடு. நாற்பது வயசிருக்கும். அவளும் புருஷனும் ஒரே தறியில் மாறி மாறி நெய்வார்கள். ஏகாம்பரத்தின் பாவுதான். பாறையை அறுக்கும்போது பல் சூடாகாமலிருக்கக் குழாய்க்குள் தண்ணீர் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; அதற்காகத் தினமும் எங்களுக்கு லாரியில் தண்ணீர் வரும். அந்த ஊரில் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கலங்கலாக. முதல் நாள் லாரி வந்ததும் குடத்தோடு வந்து நின்றாள் கஸ்தூரி. "கல்லுக்கு ஊத்தற தண்ணிய மனுசனுக்கு ஊத்தினா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து லாரி வந்தால் முதலில் குடங்கள், பிறகுதான் கல். சார் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

தண்ணீர் இருந்தால் திட்டம் நின்றுவிடும் என்பது தலைவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் பஞ்சம் வந்தால் மழை வேண்டி எல்லையம்மனுக்குப் பொங்கல் வைப்பது வழக்கம். தலைவர் அதே அம்மனுக்கு, தண்ணீர் வரக் கூடாது என்று பொங்கல் வைத்தார். துளை காய்ந்து கிடந்தால் அசல் ஜரிகையில் பட்டுச்சேலை சாத்துவதாக வேண்டுதல். பூசாரி இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கற்பூரம் ஏற்றினார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று பெண்கள் கும்பிட்டார்கள். என்ன வேண்டிக்கொண்டார்களோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

துளை ஆழமாகப் போகப் போகக் கல் அருமையாக வந்தது. கரும்பு மாதிரி நீளநீளமாக, ஒரு கீறல் கிடையாது. தலைவர் தினமும் வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் காலையில் எந்திரத்தின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குக் காதில் விழுவதற்கு முன்னால் கையில் தெரிந்துவிடும். குழாய் சட்டென்று ஒரு முழம் இறங்கியது. மேலே வந்த கல் பொடிப்பொடியாக, துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. விரிசல். நாங்கள் உள்ளே விட்டதைவிட அதிகமான தண்ணீர் வெளியே வந்தது.

தலைவர் ஓடி வந்தார். "சார், இது நீங்க ஊத்தினதுதானே திரும்பி வருது?"

"எப்படித் தெரியும்?" என்றார் சார். பிறகு பம்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தண்ணீர் நிற்கவில்லை. சார் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். எங்களுக்குப் பின்னால் கஸ்தூரியும் இன்னும் நாலு பெண்களும் குடத்தோடு நின்றிருந்தார்கள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊரே தண்ணீரைப் பார்த்துக் கண் கலங்கி நிற்கையில், ஊர்த்தலைவருக்கு இழவு விழுந்தது போலிருந்தது.

சார் உள்ளதை உள்ளபடி எழுதி மேலே அனுப்பிவிட்டார். தலைவர் சும்மா விடுவாரா? லாரித் தண்ணீரைத் தேக்கிவைத்த எங்கள் தொட்டி ஒழுகி அதுதான் துளையில் இறங்கியது, பாட்டன் காலத்திலிருந்தே இது வறண்ட பூமி, நேரில் வந்து பாருங்கள் என்று மனு மேல் மனு போட்டார். கடைசியில் நேரில் பார்க்க ஒரு குழு வருவதாக முடிவாயிற்று. அதுவரைக்கும் துளைக்கு இரும்பு மூடி போட்டு, விதிப்படி சாவியை ஊராட்சியிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் அடுத்த துளைக்காகத் தேசூர் பக்கம் போய்விட்டோம். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி.

குழு வந்த அன்று நல்ல கோடை. மூடியைத் திறந்து, ஒலி எழுப்பும் அளவு நாடாவை இறக்கினேன். தண்ணீரைத் தொட்டால் அது கத்தும். இறங்கிக்கொண்டே போகிறது, கத்தவே இல்லை. இத்தனை நாள் கையால் உணர்ந்து செய்த வேலை பொய்யா? தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் தலைதலையா அடிச்சிகினேன் சார், யாரு கேட்டாங்க?" என்றார். குழுவில் வந்தவர்கள் சாரைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. சார் மட்டும் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாங்கவில்லை. எல்லோரும் கஸ்தூரி வீட்டு நிழலில் ஒதுங்கினார்கள். வீடு தேடி வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள். பேச்செல்லாம் அதற்குப் பிறகு. எதிரியாக இருந்தாலும் சரி, கடன் கேட்க வந்தவனாக இருந்தாலும் சரி. அவளும் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குழுவின் பெரியவர் குடித்து முடித்து, இவ்வளவு ருசியான தண்ணீர் இந்தக் காய்ந்த ஊரில் எங்கே கிடைக்கிறது என்று உபசாரமாகக் கேட்டார்.

"இது உங்க தண்ணிதாங்க. நீங்க போட்ட போருதான். தலைவரு மோட்டார் வெச்சி, நேத்து வரைக்கும் லாரி லாரியா எறச்சிக் குடுத்துகினு இருந்தாரு" என்றாள்.

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சார் தலையைச் சாய்த்து, "எப்படித் தெரியும்?" என்றார். கஸ்தூரி வாசல் பக்கம் கை காட்டினாள். வாசலில் ஒரு நீல டிரம். அதில் கும்பிட்ட கையோடு ஏகாம்பரத்தின் படம். கீழே, 'தாகம் தீர்த்த தலைவரின் அன்பளிப்பு'. பக்கத்து வீட்டு வாசலிலும் ஒன்று. தெரு நெடுக வீட்டுக்கு வீடு ஒன்று.

நடந்தது இதுதான். குழு வருவதற்குள் துளையைக் காலி செய்துவிட வேண்டும் என்று தலைவர் இராப்பகலாக மோட்டார் ஓட்டியிருக்கிறார். நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான். ஆனால் ஊருக்குக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் கொடுக்க வேண்டியதுதானே? தேர்தல் பக்கத்தில் இருந்தது. படம் போடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை.

சார் மறுபடி அளவெடுக்கச் சொன்னார். விட்டுவிட்டு எடுத்தேன். இந்தத் தடவை நாடா அடியாழத்தில் கத்தியது; பிறகு ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மேலேயே கத்தியது. இறைத்தெடுத்ததற்குப் பதிலாகப் புதுத் தண்ணீர் பாறை விரிசலிலிருந்து ஊறி ஊறி ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போல் குழு காரில் ஏறிக் கிளம்பிவிட்டது. இந்த இடம் கழிவு புதைக்க உதவாது என்று முடிவாகிவிட்டது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேண்டாம் என்று தள்ளிய துளையை அப்படியே விட்டுப்போகக் கூடாது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடும் என்பதால் அடியிலிருந்து வாய் வரைக்கும் சிமெண்ட் குழம்பு விட்டு அடைக்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்குதான்: இதில் தண்ணீர் இருக்கிறது, எங்கள் ஊர் உபயோகத்துக்குக் கொடுங்கள் என்று ஊராட்சித் தலைவர் எழுதிக் கொடுத்தால் ஒப்படைக்கலாம். தண்ணீர் இல்லை என்று சத்தியம் செய்த தலைவர் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? மாட்டேன் என்றுவிட்டார். பேஜாராப்போச்சு, அடைச்சிட்டுப் போங்கய்யா என்றார். சிமெண்ட் மூட்டைகளும் வந்து இறங்கின.

கஸ்தூரி வந்து மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தத் துளையை அடைக்க எனக்கு மனசே இல்லை. என் கையால் எத்தனையோ துளைகளை அடைத்திருக்கிறேன். எதிலும் ஒரு ஊர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. அதனால் கலவை எந்திரத்தில் கோளாறு என்றேன். பிறகு சிமெண்ட் கட்டிதட்டிவிட்டது, வேறு வேண்டும் என்றேன். சர்க்கார் வேலையில் வேகமாகச் செய்வதற்குத்தான் அனுமதி வாங்க வேண்டும். மெதுவாகச் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. சார் ஒரு தடவைகூட, எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

இதற்கிடையில் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். காலியான நீல டிரம்களை எல்லாம் தூக்கிவந்து, தலைவர் ஆரணிக் கடைக்குப் போகிற சாலை ஓரமாக வரிசையாக வைத்தார்கள். கோஷம் கிடையாது, மறியல் கிடையாது. டிரம்தான். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் தாகம் தீர்த்த தலைவர் தலைவரையே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து ஒன்றியத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனாராம். தலைவர் சில நாள் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அங்கேயும் டிரம் வந்துவிட்டது.

ஒருநாள் காலை தலைவர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு எங்கள் கூடாரத்துக்கு வந்து, சாரிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். துளை முன்பு காய்ந்துதான் கிடந்தது என்றும், தாம் விரதமிருந்து வேண்டியதன் பேரில் எல்லையம்மன் அருளால் இப்போது அதில் தண்ணீர் சுரந்துள்ளது என்றும், அதை ஊருக்கு ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். தலையைச் சாய்த்தார். இந்த மனிதர் கல்லையே நம்பாமல் நக்கிப் பார்க்கிறவர்.

"அம்மன் அருள்னு எப்படித் தெரியும்?"

"கனவுல வந்து சொன்னாங்க சார்."

பிறகு சார் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தலைவர் போன பிறகு, என்ன சார் இப்படி என்று கேட்டேன். "தண்ணி இருக்குன்னு எழுதியிருக்கார். அதை நாம அளந்திருக்கோம். யார் அனுப்பினாங்கங்கறது நம்ம துறை இல்லை" என்றார். அந்தக் கணத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

துளையில் மோட்டார் இறங்கியது, மேல்நிலைத் தொட்டி வந்தது, கல்வெட்டும் வந்தது. அதில் துளை போட்ட துறையின் பேர் இல்லை. எல்லையம்மன் பேர் சின்னதாகவும் தலைவர் பேர் பெரியதாகவும் இருந்தன. திறப்பு விழாவில், அணுக்கழிவை இந்த மண்ணில் கால் வைக்க விடாமல் விரட்டியடித்தவன் நான் என்று அவர் முழங்கியபோது, அன்றைக்குப் போலவே கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தண்ணீர் வராமலிருந்தால் தருவதாக வேண்டிய பட்டுச்சேலையை, தண்ணீர் வந்ததற்காக அம்மனுக்குச் சாத்தினார். தேர்தலில் ஜெயித்தும்விட்டார். வாட்ச்மேன் வேலைக்குப் பேர் கொடுத்தவர்கள் மட்டும் கொஞ்ச காலம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மேல்கல்பட்டுக்குப் போயிருந்தேன். குழாயடியில் கஸ்தூரி குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். குழு வந்துபோன மறுவாரமே தலைவர் அவளுக்குப் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டாராம். தறி மாதக்கணக்கில் சும்மா கிடந்ததாம். புருஷன் கட்டட வேலைக்குப் போனானாம். இப்போது முள்ளிப்பட்டு முதலாளி ஒருவரிடம் கெஞ்சி வாங்கி நெய்கிறார்களாம். இதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. கல்வெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவனுக்கு மனசு கனத்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வாய் தவறிச் சொன்னாயா, தெரிந்தேதான் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லாமலிருந்தால் பாவு வந்துகொண்டிருக்குமே என்றும் சொன்னேன்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாவு ஆரணியில பத்து பேரு குடுப்பான், சார். தண்ணி எவன் குடுப்பான்?"